சன்ஃப்ளவர், பாமாயில், செக்குக் கடலை எண்ணெய்: சரக்கு வரத்து நின்றால் எது தாங்குகிறது?

திண்டிவனம் பக்கம் இருந்துகொண்டு உக்ரைன் எண்ணெயில் கத்தரிக்காய் வதக்குகிறோம் என்பது 2022 மார்ச்சில் மளிகைக் கடை விலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சன்ஃப்ளவர் லிட்டர் 200 ரூபாயை நெருங்கிவிட்டது. சில கடைகளில் ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் கொடுத்தார்கள். அதற்கடுத்த அறுவடையில் செக்குக் கடலை எண்ணெய்க்கு மாறினோம், இன்றுவரை அதுதான். எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

ருசியும் உடம்பும் பற்றி நீட்டப் போவதில்லை. கடலை எண்ணெய்க்கு வாசம் உண்டு, சன்ஃப்ளவருக்குக் கிடையாது, பாமாயில் மலிவு. கொழுப்பு விவகாரத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: வரத்து அறுந்தால், அது நமக்கு எத்தனை நாள் முன்னால் தெரிகிறது?

சன்ஃப்ளவரில் ஒரு நாள்கூட முன்னறிவிப்பு கிடைக்கவில்லை. போருக்கு முன் இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது; மிச்சத்தில் அதிகம் ரஷ்யா, கொஞ்சம் அர்ஜென்டினா. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் ஒடேசா துறைமுகங்கள் மூடிக்கொண்டன. விற்ற நாடும் அடித்த நாடும் நமக்கு எண்ணெய் தருகிற முதல் இரண்டு நாடுகள் என்றால் வேறு எங்கே போவது? கர்நாடகத்தில் ஒரு காலத்தில் சூரியகாந்தி நன்றாகவே விளைந்தது. மலிவான இறக்குமதி வந்தபின் அந்தப் பரப்பு சுருங்கிவிட்டது. அதனால் உள்ளூர்க் கையிருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அப்புறம் 2023 கடைசியில் செங்கடலில் ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. பயண நாளும் வாடகையும் கூடின.

பாமாயிலின் கதை வேறு மாதிரி. விளைச்சலுக்குக் குறைவில்லை, கப்பல் பாதையும் பக்கம். ஆனால் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியா என்ற இரண்டு கதவுகள்தான். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. அவர்கள் நாட்டிலேயே சமையல் எண்ணெய் தட்டுப்பாடு. நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. ரேஷனில் கார்டுக்கு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில், டெண்டர் வழியாக வாங்கப்படுவது. 2024 மே மாதம் தேர்தல் நடத்தை விதிகளால் கொள்முதல் தாமதமாகி, அந்த மாதத்து பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. கடலில் எந்தத் தடையும் இல்லாதபோதும் தூக்குவாளி காலியாக இருக்க முடியும். ஆனாலும் 25 ரூபாய்க்கு எதுவும் ஈடில்லை. கார்டு உள்ளவர்கள் அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

சரி, கடலை. இதன் சங்கிலி எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற நீளம்தான். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் விளைகிறது. ஆடிப்பட்டக் கடலை ஐப்பசி வாக்கில் வரும், மார்கழிப்பட்டம் சித்திரைக்கு முன்பே வந்துவிடும். நான் பருப்பாகவே வாங்கி, ஒருநாள் வெயிலில் போட்டு, சொத்தையைப் பொறுக்கிவிட்டு செக்குக்கு எடுத்துப் போகிறேன். மரச்செக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய். பிண்ணாக்கைச் செக்குக்காரரிடமே விட்டால் ஆட்டுக்கூலியில் கழித்துக்கொள்வார். மாட்டுத் தீவனத்துக்குக் கிராக்கி இருக்கும்போது பிண்ணாக்குக்கு நல்ல விலை, அப்போது நம் எண்ணெய்ச் செலவு கொஞ்சம் இறங்கும். பாக்கெட் எண்ணெயில் பிண்ணாக்குக் காசு யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

இந்தச் சங்கிலியும் அறும். அறுவடை நேரத்து மழையில் காய் செடியிலேயே முளைத்துவிடும். குஜராத்தில் விளைச்சல் போனால் இங்கேயும் விலை ஏறும், ஏனென்றால் நாட்டிலேயே அதிகக் கடலை அங்கேயுள்ள சௌராஷ்டிரப் பகுதியில்தான். சீனா கடலை எண்ணெய் வாங்க ஆரம்பித்தாலும் ஏறும். ஆனால் இதெல்லாம் மெதுவாக நடப்பவை. ஆடியில் மழை பொய்த்தால் ஐப்பசி விலையை ஊரே சொல்லிவிடும். நடுவில் மூன்று மாதம் கிடைக்கிறது. வாங்கி வைக்கலாம், அளவைக் குறைக்கலாம். சன்ஃப்ளவரில் காலையில் போர், சாயங்காலம் விலை.

விலை விஷயத்தில் செக்கு எண்ணெய் சாதாரண நாளில் சன்ஃப்ளவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் பாக்கெட் கடலை எண்ணெயும் சன்ஃப்ளவரும் சில்லறை விலையில் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றன. 2024 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு இறக்குமதியாகும் கச்சா சமையல் எண்ணெய் மீதான மொத்த வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக்கியது. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது சன்ஃப்ளவர், பாமாயில் இரண்டும் ஏறின. அந்த வருடம் கடலை நன்றாக விளைந்ததால் குவிண்டால் 6,783 ரூபாய் என்ற அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே சந்தையில் விற்றது. உழவருக்கு அது அநியாயம், செக்குக்குப் போகிறவருக்கு லாபம். 2025 மே கடைசியில் அந்த மொத்த வரிக்குள் அடங்கிய அடிப்படை வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். இப்படி ஒரே கையெழுத்தில் ஏறி இறங்கும் எண்ணெய்க்கு மாதச் செலவுக் கணக்குப் போடுவது சிரமம்.

குறைகளும் உண்டு. செக்கு எண்ணெய் நெடுநாள் நிற்காது, மூன்று நான்கு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் பெரிய பதுக்கலுக்கு இது உதவாது, பருப்பாக வைத்தால்தான் உண்டு. அந்தப் பருப்பிலும் ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். ரீஃபைண்ட் செய்யாத எண்ணெயில் அந்தப் பூஞ்சை விடும் நஞ்சில் ஒரு பகுதி தங்கிவிடும் என்பதால் சொத்தைப் பருப்பைப் பொறுக்குவதில் சோம்பல் கூடாது. கலப்பட பயமும் இருக்கிறது, கண்முன்னே ஆட்டாத ‘செக்கு எண்ணெய்’க்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். அப்பளம் பொரிக்கும்போது நுரைத்துக்கொண்டு மேலே வரும்.

இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்த காலத்தை நாங்கள் செக்கு எண்ணெயோடு இன்னும் கடக்கவில்லை. அப்போது இந்தக் கணக்கு நிற்குமா என்பது பார்க்க வேண்டிய விஷயம். சென்னையில் இருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தாது. அங்கே கண்முன்னே ஆட்டுகிற செக்கு கிடைப்பது அரிது, கடையில் பாட்டிலில் வாங்கினால் விலை இன்னும் கூடும். அவர்கள் பாக்கெட் கடலை எண்ணெய் ஒன்றும் சன்ஃப்ளவர் ஒன்றும் மாற்றி மாற்றி வாங்கலாம், ஒன்று ஏறினால் இன்னொன்று இருக்கும். எதை வாங்கினாலும் பாக்கெட்டில் கிராமைப் பாருங்கள். ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம் இருக்க வேண்டும். சில பாக்கெட் அதே அளவு போலத் தெரியும், உள்ளே 800 கிராம்தான் இருக்கும்.