காசில் கூம் திருமணமும் ஒதுங்கி நின்ற புகைப்படக்காரரும்

எங்கள் கல்யாண வீடுகளில் தாலி கட்டும் கை பாதியில் நிற்கும். புகைப்படக்காரர் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்று சொல்லி முடித்த பிறகே மூன்றாம் முடிச்சு விழும். இதைப் பார்த்துச் சலித்த என் அக்கா மகள், சென்ற ஆண்டு இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள காசில் கூம் கிராமத்தில் நடந்த தன் திருமணத்துக்கு, எவரையும் நிறுத்தாமல் நடப்பதை நடந்தபடியே எடுக்கும் ஆவணப் பாணிப் புகைப்படக்காரர் ஒருவரை அமர்த்தினாள்.

மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற புனித அந்திரேயா தேவாலயத்தில்தான் திருமணம். பிளாஷ் கூடாது, ஆராதனை நடக்கும்போது இடம் மாறக் கூடாது என்று போதகர் முன்பே சொல்லியிருந்ததால், புகைப்படக்காரர் ஒரு தூணின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒலியெழுப்பாத மின்னணு ஷட்டரில் எடுத்தார். மங்கலான வெளிச்சத்துக்காகக் கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 6400 வரை ஏற்றியதில் படங்களில் சற்று மணல் தூவியதுபோன்ற சொரசொரப்பு தெரிகிறது. அந்தக் கற்சுவர்களுக்கு அது பொருந்தியே இருக்கிறது. அங்கே முகப்புத் தட்டே இல்லாத பழங்காலக் கடிகாரம் ஒன்று உண்டு. மணி பார்க்க அதன் பக்கம் திரும்பிய என் அண்ணன், முள்ளைக் காணாமல் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுக்கும் படம் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை சிரிப்புக்கு உதவுகிறது.

ஆயினும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொரு படத்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் தேவாலயப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கம் போய், தனித் தாளில் கையெழுத்திட்டு அதைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும் முறை வந்தது. அதுவரை தந்தையரின் பெயர் மட்டுமே இருந்த இடத்தில் அன்றிலிருந்து தாயாரின் பெயரும் சேர்ந்தது. பேனாவைப் பிடித்தபடி மணமக்களைச் சிரிக்கச் சொல்லும் வழக்கமான படத்தை இவர் எடுக்கவில்லை. அக்கா கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டி, தன் பெயர் எழுத்துப் பிழையின்றி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதை எடுத்திருக்கிறார்.

விருந்து நடந்த மேனர் ஹவுஸ், 14-ஆம் நூற்றாண்டில் வேர் கொண்ட மாளிகை விடுதி. இங்கேதான் எனக்கு மனக்குறை. மரப்பலகை வேய்ந்த அறையில் சாளர வெளிச்சம் நீலமாகவும் விளக்கு வெளிச்சம் மஞ்சளாகவும் முகத்தில் பாதிப் பாதி விழ, அதைச் சரிசெய்யும் வேலைக்குப் பதிலாகப் பல படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டார். மாலையில் மணப்பெண் உடுத்திய கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு அதில் சாம்பலாகிப் போனது. குழுப்படத்துக்கு ஒப்பந்தப்படி 15 நிமிடம் மட்டுமே ஒதுக்கியதால், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் வந்த பெரியம்மாவுக்குக் கிடைத்தது பின்னந்தலை தெரியும் ஒரே படம். எட்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன படங்கள் பதினொரு வாரம் கழித்தே வந்தன.

சேலைப் படங்களை வண்ணத்தில் கேட்டோம். மேலதிகக் கட்டணமின்றி மூன்றே நாளில் அனுப்பினார். இவரைப் போன்றவரை அமர்த்துகிறவர்கள், முதியவர்களின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்து, குழுப்படத்துக்கு அரை மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.