21,500 ரூபாய் போச்சு: கார்ல ஆண்ட்ராய்டு செட் மாத்தப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

கடையிலிருந்து வந்து அரை மணி நேரம்கூட ஆகல. ஆத்திரத்துல அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேர் போடல. சென்னையில ஒரு கார் அக்சசரீஸ் கடை, அவ்வளவுதான். என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

என்னோடது பழைய வேகன் ஆர். அதுல இருந்த பாட்டு செட்ல ப்ளூடூத் கிடையாது. போன் பாட்டை எஃப்எம் வழியா செட்டுக்கு அனுப்புற 600 ரூபாய் எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் ஒண்ணை சிகரெட் லைட்டர் ஓட்டையில செருகித்தான் மூணு வருஷம் ஓட்டினேன். சென்னையில எஃப்எம்ல காலி இடம் ஏது? வடபழனி தாண்டினா பாட்டுக்கு நடுவுல நகைக்கடை விளம்பரம் வந்து உக்காந்துக்கும். போன்ல இருக்கிற பாட்டு நல்லபடியா கேக்கணும், வயர் இல்லாம கேக்கணும். ஆசை அவ்வளவுதான்.

கடைக்காரர் "வாங்க சார், உக்காருங்க சார்"னு டீ சொன்னார். கண்ணாடிக் கதவைச் சாத்திட்டு, சுவத்துல மாட்டியிருந்த டெமோ போர்டுல ஒரு ராஜா பாட்டு போட்டார். பேஸ் கிட்டார் தனியா, தபேலா தனியா, அப்படியே நெஞ்சுல வந்து நிக்குது. "9 இன்ச் சார், எல்டாக் இருக்கு, வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கு, நாலு சேனலும் 50 வாட்." (எல்டாக்னா ப்ளூடூத்ல பாட்டை நல்ல தரத்துல அனுப்புற முறை. ஆண்ட்ராய்டு ஆட்டோன்னா போனோட மேப், பாட்டெல்லாம் கார் ஸ்கிரீன்லயே வர்றது.) அட்டைப்பெட்டியிலயும் அதேதான் அச்சடிச்சிருந்தது. நான் விழுந்தது அங்கதான். அந்த போர்டுக்குத் தனி ஆம்ப்ளிஃபையர், தனி ஸ்பீக்கர், பாட்டு வந்தது பென் டிரைவ்லேர்ந்து. அது மண்டையில ஏற எனக்கு நாலு நாள் ஆச்சு.

"பில்லு வேணும்னா ஜிஎஸ்டி சேரும் சார், நம்ம கடை எங்க போகப்போகுது?" நானும் தலையாட்டினேன். பழைய செட்டை 800 ரூபாய்க்கு எடுத்துக்கிட்டார். அதைக் கழிச்சு கையில குடுத்தது 21,500.

மறுநாள் தாம்பரம் தாண்டும்போதே ஆரம்பிச்சுது. ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஸ்பீக்கர்ல ஙொய்ய்ய்ங்னு ஒரு சத்தம். வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது, காலை எடுத்தா இறங்குது. வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ ரெண்டாவது பாட்டுலயே அறுந்து விழுது. ப்ளூடூத்ல போட்டா பழைய எஃப்எம்மை விடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

போன் பண்ணினேன். "ஸ்பீக்கர் செட் ஆக ஒரு வாரம் ஆகும் தம்பி." சார் தம்பி ஆயிட்டேன். அடுத்த வாரம் "உங்க போன் சரியில்ல." அதுக்கடுத்து "வண்டி ஆல்டர்னேட்டர் வீக்" (பேட்டரியை சார்ஜ் பண்றது அதுதான்). அப்புறம் வாட்ஸ்அப்ல நீல டிக்கு மட்டும்.

சரி, போன்தானான்னு பாத்துடலாம்னு டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்தேன். போன் செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா வரும். அதுல ப்ளூடூத் ஆடியோ கோடெக்னு ஒரு இடம் இருக்கு, பாட்டை எந்த முறையில சுருக்கி அனுப்புதுன்னு காட்டும். செட்டோட இணைச்சா எஸ்பிசிங்கிற சாதா முறை மட்டும்தான் வருது, எல்டாக் சாம்பல் நிறத்துல செத்துக் கிடக்குது. அதே போனை ஆபீஸ் நண்பரோட ஹெட்போன்ல இணைச்சேன். உடனே எல்டாக்! எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரைக்கும் போகும், எஸ்பிசி வழக்கமா 328ஐத் தாண்டாது. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வேலை செய்யும். செட்டுல அது இல்லவே இல்ல, அட்டைப்பெட்டியில மட்டும்தான் இருக்கு.

எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் 300 ரூபாய் வாங்கிக்கிட்டு டேஷைக் கழட்டிக் காட்டினார். வெட்டாம செருகுற கப்ளர் போடாம கம்பெனி வயரையே வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்காங்க. எர்த் வயரை பெயின்ட் மேலயே வச்சு திருகியிருக்காங்க. அவர் சுரண்டி மாத்தினதும் ஙொய் பாதியாக் குறைஞ்சுது. ஆல்டர்னேட்டர் வீக்காம்!

இன்னைக்கு அந்த கோடெக் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட்டோட கடைக்கு நேர்ல போனேன். "அதையெல்லாம் நோண்டாதப்பா, பாட்டைக் கேளு"ன்னார். தம்பியும் போயாச்சு. பணம் வேணாம், பழைய செட்டையாவது குடுங்கன்னேன். "அது அன்னைக்கே போயிடுச்சு." பில் எங்கன்னு அவரே என்னைத் திருப்பிக் கேக்கிறார். 21,500 ரூபாய், என் ஒரு மாச வீட்டு வாடகையை விட அதிகம்.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. பில் இல்லாம பத்து பைசா குடுக்காதீங்க. கடையில வச்சே உங்க போனை இணைச்சு கோடெக் என்ன வருதுன்னு பாருங்க. ஐபோன்காரங்க எல்டாக்குக்குக் காசே குடுக்காதீங்க, ஐபோன்ல அது கிடையாது, ஏஏசிங்கிற வேற கோடெக்தான். 50 வாட்னு போட்டிருந்தா ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தர்ற நிஜ வாட், எவ்வளவுன்னு கேளுங்க, பாதிகூடத் தேறாது. வயரை வெட்ட விடாதீங்க, பக்கத்துலயே நில்லுங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்கேன். அங்கயும் முதல் கேள்வி, பில் இருக்கா சார்.