பெரிய பானை: ஒரே மண்ணா, ஒட்டா, திரியா, தட்டா?

மண் பழகத் தொடங்கி ஓராண்டு ஆனதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். பத்து கிலோ மண்ணை ஒரே உருண்டையாகச் சக்கரத்தில் அறைந்து பெரிய பானை ஒன்றை எழுப்பிவிட வேண்டும். எனக்கும் வந்தது. முழங்கையை இடுப்பில் ஊன்றி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியதில் எழுந்தது 15 அங்குலம். அதிகச் சூட்டில் வெந்து கல்போல இறுகும் ஸ்டோன்வேர் மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சுருங்கும். சூளையிலிருந்து வந்தபோது பானை 13 அங்குலத்துக்குச் சற்று மேல். வந்த விருந்தினர் அதில் குடையைச் சொருகிவிட்டுப் போனார்.

பெரிய பானை சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். அடிச்சுவர் தண்ணீர் குடித்து இளகிக் கிடக்கும்போதே மேல்சுவரின் பாரம் அதன்மேல் இறங்குகிறது. பெரிய பானைக்கு நான்கு முறைகள் உண்டு: ஒரே மண்ணில் வனைவது, பாகமாக வனைந்து ஒட்டுவது, திரி வைத்து வனைவது, தட்டி விரிப்பது. நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: மண்ணை எந்தக் கட்டத்தில் காயவிடுகிறோம்?

ஒரே மண்ணில் வனையும்போது காயவிடுவதே கிடையாது. அதுதான் அதன் அழகு, அதுதான் அதன் வம்பு. ஒரே மூச்சில் எழுந்த சுவரில் ஒட்டு இல்லை; விரல் ஓடிய வரி அடியிலிருந்து வாய்வரை அறுபடாமல் ஏறும். ஆனால் உள்ளே விட்ட கை அடியைத் தொட வேண்டும். முழங்கைக்கு மேல் கை உள்ளே போய்விட்டால் வாய் விளிம்பு தோளில் இடிக்கும். மண்ணைச் சக்கரத்தின் மையத்தில் ஆடாமல் நிறுத்துவதற்கு ஒரு சுளுவு உண்டு. ஐந்து கிலோவை முதலில் நிறுத்தி, மேற்பரப்பின் வழுவழுப்பை வழித்துவிட்டு, இன்னோர் ஐந்து கிலோவை அதன்மேல் அறைந்து நிறுத்தினால் தோள்வலி பாதியாகும். கையின் நீளம் மட்டும் அதனால் அதிகமாகாது. அகன்ற தொட்டி, பெரிய கிண்ணம் என்றால் இந்த முறை சரி. உயரம் வேண்டுமென்றால் இது வெறும் வீம்பு.

இரண்டு பாகமாக வனைந்து ஒட்டுவது கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஏற்றது. சீனாவின் சிங்டெசென்னில் பெரிய பீங்கான் ஜாடிகளைப் பாகம் பாகமாக வனைந்து, ஒட்டி, பிறகு சீவி மெலிதாக்குவார்கள். நம் ஸ்டூடியோவில் கீழ்ப்பாகம் ஒன்று, அடியில்லாத மேல்பாகம் ஒன்று தலைகீழாக. விளிம்பு விரலில் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டையும் கீறி, மண்குழம்பு தடவி, ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்க்க வேண்டும். வட்டம் அளக்கும் இடுக்கியை இரண்டு விளிம்புக்கும் வைத்துப் பார்க்காமல் கண்ணளவை நம்பினால் தொலைந்தோம். ஒருமுறை நாலு மில்லிமீட்டர் பிசகியது. தேய்த்துச் சரிசெய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெந்து வந்ததும் வயிற்றைச் சுற்றி அரைஞாண் கட்டியதுபோல மெல்லிய வரி. மண்ணுக்கு ஞாபகசக்தி அதிகம்.

எனக்குப் பிடித்தது திரி வைத்து வனைவது. அடிப்பகுதியைச் சக்கரத்தில் வனைந்து கொஞ்சம் இறுக விடவேண்டும். விளிம்பைக் கீறி, கட்டைவிரலைப் போல இரண்டு மடங்கு கனமான மண்திரியைச் சுற்றி அழுத்தி, சக்கரத்தைச் சுற்றி அந்தத் திரியையே சுவராக இழுக்கலாம். ஒரு திரிக்கு மூன்று நான்கு அங்குலம் ஏறும். மறுபடி இறுகல், மறுபடி திரி.

இந்த இறுகலுக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு வழி கண்டது. கிரீட் தீவின் திராப்சானோ கிராமத்தில் பள்ளம் வெட்டி அதில் வரிசையாகச் சக்கரங்களை நட்டுவைப்பார்கள். முதல் சக்கரத்தில் ஒரு சுற்று வனைந்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க் கடைசியை முடித்துத் திரும்பும்போது முதல் ஜாடி வெயிலில் இறுகி அடுத்த திரிக்குத் தயாராக நிற்கும். கொரியாவில் ‘ஓங்கி’ என்ற பெரிய மண்ஜாடிகளைச் செய்பவர்கள் ஜாடிக்குள்ளேயே தணல் சட்டியைத் தொங்கவிடுவார்கள். ஜப்பானில் ஒதானி ஊரில் சிக்கல் வேறு: பெரிய ஜாடிக்குச் சக்கரம் மெதுவாகவும் சீராகவும் சுழல வேண்டும். அதற்காக ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு காலால் சக்கரத்தைத் தள்ளுவார், இன்னொருவர் நின்று வனைவார்.

நமக்கு கேஸ் டார்ச் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றவிட்டு உள்ளும் புறமும் சுடரை ஓட்டினால் பத்து நிமிடத்தில் சுவர் நிற்கும். சுடர் ஒரே இடத்தில் நின்றால் ஆவி பொங்கிச் சில்லு தெறிக்கும். விளிம்பில் ஈரத்துணி சுற்ற மறந்தால் விளிம்பும் காய்ந்துபோகும். புதுத் திரி ஒட்டியதுபோல நடித்து, மூன்றாம் நாள் விரிசல் காட்டும். இவ்வளவும் பழகிவிட்டால் உயரத்துக்கு எல்லையே இல்லை என்று ஒரு மிதப்பு வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க் குயவர்கள் இந்தச் சங்கடம் எதிலும் மாட்டவில்லை. சக்கரத்தில் அவர்கள் எடுப்பது கனத்த சுவரும் திறந்த அடியும் உள்ள சின்ன உருவம். பானை பெரிதாவது சக்கரத்தை விட்டு இறங்கிய பிறகுதான். நிழலில் வாடவிட்டு, உள்ளே இடக்கையில் வழுவழுப்பான கல், வெளியே வலக்கையில் மரப்பலகை, ஒட்டாமல் இருக்கச் சாம்பல். தட்டத் தட்ட சுவர் மெலிந்து வயிறு விரியும், திறந்த அடி கூடி மூடிக்கொள்ளும். ஒரே நாளில் முடியாது. கொஞ்சம் தட்டி, வாடவிட்டு, மறுபடி தட்டவேண்டும். மானாமதுரையில் கடமும் இப்படி ஆயிரக்கணக்கான தட்டு வாங்கித்தான் நாதம் பெறுகிறது.

வேளார் தெருவில் ஒரு பெரியவரிடம் தட்டிப் பார்க்கக் கேட்டேன். ஏழாவது முறை தட்டியபோது கல் ஓரிடம், பலகை ஓரிடம். பானையில் உள்ளங்கை அளவு ஓட்டை. "தம்பி, கண்ணால பாக்காத, காதால கேளு" என்றார். கல்லும் பலகையும் நேருக்கு நேர் சந்தித்தால் ஓசை கெட்டியாக வரும், தவறினால் தொப்பென்று விழும். உருண்ட அடியுள்ள தண்ணீர்ப் பானைக்கும் அடுப்பிலேறும் பானைக்கும் இதற்கு ஈடான முறையை நான் பார்த்ததில்லை. தட்டையான அடியும் நேரான சுவரும் வேண்டுமென்றால் மட்டும் இந்த முறையிடம் போகவேண்டாம்.

சரி, அந்த மிதப்பு. திரிமேல் திரியாக 27 அங்குலம் வரை ஒரு ஜாடியை எழுப்பினேன். கோணல் இல்லை, விரிசல் இல்லை. இரண்டு பேராகத் தூக்கிச் சூளைக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, சூளையின் உள் உயரம் 24. அது இன்னும் பச்சை மண்ணாகவே பட்டறை மூலையில் நிற்கிறது. பூனை உள்ளே தூங்குகிறது.