எக்செல், ஸ்லிம்ஸ், கோஹா: தோட்டப் பட்டணத்து வாசகசாலைக்கு எது பொருந்தும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணம். கோயில் மண்டபத்தை ஒட்டி ஓர் அறை, நான்கு இரும்பு அலமாரி, மூவாயிரம் புத்தகம், சனிக்கிழமைதோறும் வந்து உட்காரும் தன்னார்வலர் இருவர். இந்த அளவுள்ள வாசகசாலையை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. மாநில நூலகக் கழகத்தின் கிளை என்றால் மென்பொருளைத் தலைமையகமே முடிவு செய்துவிடும். இங்கே முடிவெடுப்பவர் இயக்கச் செயலாளரோ தமிழ்ப்பள்ளி ஆசிரியையோதான். அவர் முன் வழக்கமாக மூன்று வழிகள் வந்து நிற்கும்: எக்செல் கோப்பு, நூலக மென்பொருள்களான இந்தோனேசியாவின் ஸ்லிம்ஸ், நியூசிலாந்தின் கோஹா.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓர் அறை, ஒரு கணினி என்றால் ஸ்லிம்ஸ். இரண்டு மூன்று பட்டணங்களின் வாசகசாலைகள் ஒரே பட்டியலைப் பகிரப் போகின்றன, லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஒருவர் மாதாமாதம் கவனிப்பார் என்றால் கோஹா. எக்செல் தொடக்கப் பதிவுக்கு நல்லது; இரவல் கொடுக்க ஆகாது.

எக்செல்லில் நூறு புத்தகம் வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். சிக்கல் எண்களில் ஒளிந்திருக்கும். ஐஎஸ்பிஎன் என்ற 13 இலக்கப் பன்னாட்டுப் புத்தக எண்ணைத் தட்டினால் அது 9.78E+12 போன்ற அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய கோப்பாக, சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். புத்தகத்தின் பொருளைக் காட்டும் டூயி வகை எண்ணை 894.8110 என்று போட்டால் கடைசிச் சுழியம் விழும். உறுப்பினர் எண் 00045 வெறும் 45 ஆகும். அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டின் கடைசி இரு இலக்கத்தில் தொடங்குவதால், 2007இல் பிறந்தவரின் எண்ணில் முன்சுழியம் காணாமல் போய் 12 இலக்கம் 11 ஆகிவிடும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை ‘எழுத்து’ வகையாக மாற்றிவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பி வராது. அடையாள அட்டை எண்ணை உறுப்பினர் எண்ணாகவே வைப்பது அதைவிட மோசமான பழக்கம். ஒரு பிள்ளை அட்டையைத் தொலைத்தால் அதன் பிறந்த தேதியும் சேர்ந்து தெருவுக்கு வந்துவிடும். வாசகசாலைக்கென்று ஐந்து இலக்க வரிசை எண் போதும்.

இன்னொன்று: சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வியைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையைத்தான் எடுக்க வேண்டும். பழைய பட்டியல் பாமினி, டிஸ்கி போன்ற எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எழுத்துருவை மாற்றியதும் திரையில் தமிழ் தெரியலாம். உள்ளே இருப்பது வேறு எழுத்துகள்தான், எந்த மென்பொருளும் அதைத் தேடித் தராது.

<b>நிறுவும் பாடு</b>

ஸ்லிம்ஸ், ஜகார்த்தாவின் செனாயான் பகுதியில் இருந்த இந்தோனேசியக் கல்வி அமைச்சின் நூலகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது. இலவசம், மூல நிரல் திறந்தது. மலாய் இடைமுகம் உண்டு என்பது இங்கே பெரிய வசதி: மேசையில் உட்காரும் ஐந்தாம் படிவ மாணவிக்குப் பட்டியல் சொற்கள் புதிதாக இராது. விண்டோஸ் மடிக்கணினியில் எக்ஸாம்ப் (கணினியையே இணையச் சேவையகமாக்கும் இலவசத் தொகுப்பு) போட்டு, ஸ்லிம்ஸ் அடைவை அதன் இணைய அடைவுக்குள் வைத்து, உலாவியில் திறந்து தரவுத்தளப் பெயரைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முகப்பு வந்துவிடும். வெறும் வெள்ளைத் திரை வந்தால் பெரும்பாலும் ஸ்லிம்ஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பு பொருந்தவில்லை என்று அர்த்தம். எந்த ஸ்லிம்ஸ் பதிப்புக்கு எந்த பிஎச்பி என்பதைப் பார்த்துவிட்டு எக்ஸாம்பைப் பதிவிறக்குங்கள். முகப்பு வந்தவுடன் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றி, நிறுவல் அடைவை நீக்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் இயங்கலையில் ஏற்றினால் பட்டியலை யாரும் அழித்துவிட்டுப் போகலாம்.

கோஹா 2000ஆம் ஆண்டு ஜனவரியில் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகத்தில் ஓடத் தொடங்கியது. அங்கிருந்த பழைய மென்பொருள் 2000ஐத் தாண்டாது என்ற நெருக்கடியில் எழுதப்பட்டது அது. ‘கோஹா’ என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. இதுவும் இலவசம்தான். ஆனால் டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வேண்டும். விண்டோஸில் நேரடியாக ஓடாது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரிலும், புதிய பதிப்பு வரும். நிறுவிய பிறகும் கிளை, உறுப்பினர் வகை, பொருள் வகை, இரவல் விதி ஆகிய நான்கையும் நிரப்பியாக வேண்டும். விதி இல்லாவிட்டால் கோஹா புத்தகத்தை இரவலுக்கு விடாது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று பலர் தவறாக நினைக்கும் இடம் இதுதான். ‘பதிவு சேர்த்தாச்சு, தேடினால் வரவில்லை’ என்ற புகாரும் வழக்கமாக வரும். தேடலைச் சீப்ரா என்ற தனி நிரல் பார்க்கிறது. அது நின்றுபோயிருந்தால் பதிவு தரவுத்தளத்தில் இருந்தும் தேடலில் வராது. சீப்ராவை மறுபடி ஓடவிட்டு முழு மறு அட்டவணை போட வேண்டும், அதாவது தேடல் அட்டவணையைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

<b>தமிழ்த் தேடல்தான் உண்மையான சோதனை</b>

ஒரு பிள்ளை திறன்பேசியில் தமிழில் தட்டினால் புத்தகம் வர வேண்டும். இது நடக்காவிட்டால் மற்ற வசதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

கோஹாவின் சீப்ரா இயல்பாக இலத்தீன் எழுத்துகளுக்கான அட்டவணையோடு வருகிறது. தமிழுக்கு அதை ஐசியு என்ற, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் முறைக்கு மாற்றிவிட்டு மறு அட்டவணை போட வேண்டும். ஒரே ஒரு முறை செய்யும் வேலைதான். ஆனால் அதைச் செய்யாமலே பல மாதம் ஓட்டிவிட்டுக் ‘கோஹாவில் தமிழ் வராது’ என்று கைவிடுவார்கள். ஸ்லிம்ஸ் தேடலை மை எஸ்க்யூஎல் தரவுத்தளத்திடமே விடுகிறது. எக்செல்லிலிருந்து மொத்தமாக இறக்கிய பிறகு நிர்வாகப் பக்கத்தில் நூற்பட்டியல் அட்டவணையை மறுபடி உருவாக்க மறக்கக்கூடாது.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் நம் தட்டச்சில் இருக்கிறது. ‘கௌரி’ என்பதைப் பலர் ‘கெளரி’ என்று, ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுவார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒள’ போடுவதும் அப்படித்தான். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுவதும் உண்டு. பதிவேற்றும் இருவரும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்தினால் இந்தப் பிழைகள் பாதியாகக் குறையும். விண்டோஸ் 10இல் 2019 முதல் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஆசிரியர் பெயருக்கு ஒரு விதி வேண்டும். தலைப்பெழுத்தை முன்னால் போட்டால் மு., நா., சு. என்று பட்டியல் முழுவதும் ஓரெழுத்து வரிசையாகிவிடும். பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு தலைப்பெழுத்து. வகை எண்ணில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811இல் குவிந்துவிடும்; பாதி அலமாரிக்கு ஒரே எண். 894.8111 கவிதை, 894.8112 நாடகம், 894.8113 கதை, 894.8114 கட்டுரை என்று பிரித்து, ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்தையும் முதுகுச் சீட்டில் போட்டால் போதும்.

இரு மென்பொருளும் பிற நூலகப் பதிவுகளை இழுத்துக்கொள்ளும். ஆங்கிலப் புத்தகங்களுக்கு இது பெரிய மிச்சம். தமிழுக்கு அவ்வளவு இல்லை: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துப் பதிவுகளில் தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் வரும். அதை அப்படியே ஏற்றினால் தமிழில் தேடும் பிள்ளைக்குக் கிடைக்காது. தலைப்புப் புலத்தில் தமிழெழுத்தையே போடுங்கள். எழுத்துப்பெயர்ப்பை மாற்றுத் தலைப்பாக வைக்கலாம். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர் போன்றவற்றுக்கு எங்கும் பதிவு கிடைக்காது. ஆனால் அவைதான் இந்த அலமாரியின் அரிய செல்வம். முதலில் பதிவேறவேண்டியவையும் அவைதான்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். முழுப் பதிவுக்கு ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் என்றால் மூவாயிரத்துக்கு 500 மணி நேரம். இருவர் சனிக்கிழமை மும்மூன்று மணி உட்கார்ந்தால் 83 வாரம். ஒன்றரை ஆண்டுக்கும் மேல். தலைப்பு, ஆசிரியர், வகை எண், மொழி, பதிவு எண் மட்டும் எக்செல்லில் போட்டால் மூன்று நிமிடத்தில் முடியும்: 150 மணி, 25 வாரம். முதலில் இந்தக் குறும்பதிவு, பிறகு இரவல் போய்த் திரும்பும் புத்தகங்களை மட்டும் விரித்து எழுதுவது. இப்படித்தான் வேலை முடிவுக்கு வரும்.

<b>இடியும் மின்தடையும்</b>

மாலை மழையோடு மின்சாரம் போகும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கோஹாவின் தரவுத்தள அட்டவணைகள் இன்னோடிபி வகை. திடீரென்று நின்றாலும் திரும்ப ஓடும்போது பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். ஸ்லிம்ஸின் அட்டவணைகள் பல மைஐசாம் வகை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ‘அட்டவணை பழுது’ என்று வரும். எக்ஸாம்போடு வரும் தரவுத்தள நிர்வாகக் கருவியான பிஎச்பி மைஅட்மின் பக்கத்தில் அந்த அட்டவணையைத் தேர்ந்து ‘பழுதுபார்’ கட்டளை கொடுத்தால் வழக்கமாகச் சரியாகும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் கட்டாயம். மடிக்கணினியின் மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் அதுவே யுபிஎஸ்.

கோஹா இரவுதோறும் தானே காப்புப்பிரதி எடுக்கும். ஆனால் அதே வட்டில்தான் வைக்கும், சில நாள் பிரதிகள்தான் இருக்கும். ஸ்லிம்ஸில் நாம்தான் காப்புப்பிரதிப் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டிலும் சனிக்கிழமை மூடும்முன் ஒரு பிரதி பென்டிரைவுக்குப் போக வேண்டும், அது செயலாளர் வீட்டுக்குப் போக வேண்டும். மின்னல் தாக்கினால் கணினியோடு சேர்ந்து அதில் செருகியிருக்கும் பென்டிரைவும் போகும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் அந்தப் பிரதியை ஏற்றித் திறந்து பாருங்கள்.

பட்டைக்குறிக்கு யுஎஸ்பி வருடி எதுவானாலும் சரி. கணினிக்கு அது விசைப்பலகைதான். எண்ணைப் படித்ததும் என்டர் அனுப்பும்படி அமைத்திருக்க வேண்டும். சீட்டில்தான் கவனம் வேண்டும்: கடைச் சீட்டுபோல வெப்பத்தால் நேரடியாக அச்சாகும் தாள் நம் வெயிலிலும் புழுக்கத்திலும் மங்கிவிடும். ரிப்பன் வைத்த வெப்ப அச்சு, அல்லது லேசர் அச்சுச் சீட்டின் மேல் தெளிவான ஒட்டுநாடா. பின்னட்டையின் மேல்மூலையில் ஒட்டினால் புத்தகத்தைத் திறக்காமலே வருடலாம்.

தாமத நினைவூட்டலில் கோஹா மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் தோட்டத்துப் பெற்றோர் பார்ப்பது புலனத்தை (வாட்ஸ்அப்) தான். எந்த மென்பொருளிலும் தாமதப் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்புவதே நடக்கும். குழுவில் பெயர் போடாதீர்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது.

மற்ற நூலக மென்பொருள்களில் டைனிகேட் 20,000 பொருள்வரை தாங்கும், சந்தா கட்ட வேண்டும், இணையம் இல்லாமல் ஓடாது. எவர்கிரீன் பல நூலகங்கள் சேர்ந்த பெரிய கூட்டுகளுக்கானது. இந்தியாவின் இ-கிரந்தாலயா அந்நாட்டு அரசு நூலகங்களுக்காக எழுதப்பட்டது. இந்த மூன்றிலும் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

ஸ்லிம்ஸுக்கு ஒரு குறை உண்டு: பிறகு கோஹாவுக்கு மாற நினைத்தால் அதன் புலங்களை நூலகப் பதிவுகளின் பொது வடிவமான மார்க்குக்குப் பொருத்த வேண்டியிருக்கும். எக்செல் மூலக்கோப்பைத் தூக்கிப்போடாமல் பதிவு எண்ணோடு வைத்திருந்தால் அந்த வேலை சில நாளில் முடியும்.

எது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு சனிக்கிழமையைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பத்துப் புத்தகம்: ஒன்றில் ‘கௌ’, ஒன்றில் ‘மழை’ போன்ற குறுஞ்சொல், ஒன்று மலாய், ஒன்று ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய மலர், மீதி எதுவானாலும் சரி. இரண்டு மென்பொருளிலும் ஏற்றி, பட்டியலைப் பார்க்காத ஒரு மாணவியிடம் அவளுடைய திறன்பேசியிலிருந்து தேடச் சொல்லுங்கள். கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் காரணம் தட்டச்சா, அட்டவணையா என்று எழுதி வையுங்கள். தட்டச்சு என்றால் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் அது கூடவே வரும். பதிவைத்தான் திருத்த வேண்டும்.