ஜேசனா, பிக்கிளா, யாமலா: சுழன்று திரும்பும் ஆப்ஜெக்டுகளை எதில் சேமிப்பது?

கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில் தடத்தைப் பைத்தானில் நிலையத்துக்கு ஓர் ஆப்ஜெக்டாக எழுதி, ஃபைலில் சேமிக்கப் பார்த்தால் சிக்கல் உடனே தெரியும். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தின் அண்டை லிஸ்டில் அடுத்த நிலையமான பசார் செனி இருக்கும். பசார் செனியின் லிஸ்டில் மஸ்ஜிட் ஜாமெக் இருக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம்.

ஜேசன் என்பது தரவை உரையாக எழுதும் வடிவம். பைத்தானில் அதற்கான மாட்யூல் இந்தச் சுழலைக் கண்டதும் வேல்யூ எரர் தந்து நின்றுவிடும். சுழல் உண்டா என்று சோதிக்கும் ‘செக் சர்க்குலர்’ அமைப்பை அணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அணைந்தது சோதனை மட்டும்தான், சுழல் அப்படியே இருக்கிறது. அடுத்து வருவது ரிகர்ஷன் எரர், அதாவது ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் ஆழம் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற பிழை.

எரர் வந்தால்கூடப் பரவாயில்லை, தவறு கண்ணில் பட்டுவிடும். வராத இடத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். அண்டை இணைப்புகளை எடுத்துவிட்டு, கிளானா ஜெயா தடத்துக்கு ஒரு லிஸ்ட், அம்பாங் தடத்துக்கு ஒரு லிஸ்ட் என்று எழுதுங்கள். மஸ்ஜிட் ஜாமெக் இரண்டிலும் வரும். இப்போது சுழல் இல்லை. ஜேசன் சத்தமில்லாமல் அதை இரண்டு முறை முழுசாக எழுதிவிடும். திரும்ப ஏற்றினால் நினைவகத்தில் இரண்டு மஸ்ஜிட் ஜாமெக் இருக்கும். ஒன்றை ‘மூடப்பட்டது’ என்று மாற்றினாலும் மற்றது திறந்தே இருக்கும். ஆக, இங்கே காக்க வேண்டியது ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்ற அடையாளம். சுழல் அதன் ஒரு முகம்தான்.

பைத்தானின் சொந்தச் சேமிப்பு முறையான பிக்கிள் அந்த அடையாளத்தைக் காக்கிறது. எழுதிய ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் மெமோ என்ற குறிப்பேட்டில் எண்ணிட்டுக் குறித்துக்கொண்டு, மறுபடி எதிர்ப்பட்டால் அந்த எண்ணை மட்டும் எழுதும். ஆனால் இரண்டு தடங்களையும் பிக்கிளாக மாற்றும் டம்ப்ஸ் ஃபங்ஷனுக்கு ஒரே அழைப்பில் கொடுக்க வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் மெமோவும் தனித்தனி, பழைய இரட்டைப் பிரதிதான் கிடைக்கும். அண்டைகளை செட்டில் வைத்து, செட் தன் உறுப்புகளைத் தேடப் பயன்படுத்தும் எண்ணான ஹாஷை நிலையப் பெயரிலிருந்து கணக்கிட்டால் ஏற்றும்போது அட்ரிபியூட் எரர் வரும்: பெயர் நிரம்பும் முன்பே செட் ஹாஷைக் கேட்டுவிடுகிறது. செட்டுக்குப் பதில் லிஸ்ட் வைத்தால் தீரும். ஒன்றையொன்று சுட்டும் நிலையங்களின் சங்கிலி மிக நீண்டால் ரிகர்ஷன் எரர் வரும், பைத்தான் 3.12 முதல் ரிகர்ஷன் வரம்பை உயர்த்தினாலும் சி மொழியில் எழுதிய பிக்கிளருக்கு அது பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நியர் தந்த பிக்கிள் ஃபைலை ஒருபோதும் திறக்காதீர்கள். ஏற்றுவதே அதிலுள்ள நிரலை ஓடவிடக்கூடும்.

யாமல் என்ற உரை வடிவத்தில் நங்கூரமும் (ஒன்றுக்கு இடும் பெயர்) நட்சத்திரக் குறியும் (அந்தப் பெயரைச் சுட்டுவது) அதே வேலையைச் செய்கின்றன. கண்ணால் படிக்கலாம், கையால் திருத்தலாம். யாமலுக்கான பைத்தான் லைப்ரரி பையாமல். அதன் சேஃப் டம்ப் ஃபங்ஷன் டிக்‌ஷனரி, லிஸ்ட் சுழல்களை ஏற்கும். சொந்த கிளாஸை ஏற்காது. நங்கூரம் நட்சத்திரத்துக்கு முன்னால் வந்தாக வேண்டும் என்பதால், ஒரு பத்தியை மேலும் கீழும் நகர்த்தினாலே ஃபைல் உடையலாம்.

ஜாவாஸ்கிரிப்டின் ஸ்ட்ரக்சர்டு குளோனும் சுழலைத் தாங்கும். ஆனால் அது தருவது நினைவக நகல், ஃபைலில் எழுதும் உரை அல்ல. கிளாஸின் மெத்தடுகளும் நகலில் வராது.

வெளியே அனுப்பும் தரவுக்கு நான் தேர்ந்தெடுப்பது ஐடி அட்டவணையோடு கூடிய சாதாரண ஜேசன். நிலையங்கள் ஒரு டிக்‌ஷனரியில் ஒரே ஒரு முறை. அண்டை லிஸ்டில் ஆப்ஜெக்டுக்குப் பதில் ஐடி. ஏற்றுவது இரண்டு சுற்று: முதல் சுற்றில் எல்லா நிலையங்களையும் இணைப்பில்லாமல் உருவாக்குங்கள், இரண்டாவதில் ஐடியைப் பார்த்துக் கோத்துவிடுங்கள்.

ஐடியாகத் தடக் குறியீட்டை எடுக்காதீர்கள். மஸ்ஜிட் ஜாமெக்குக்கு கேஜே13, ஏஜி7, எஸ்பி7 என்று மூன்று குறியீடுகள் உண்டு. அதை ஐடியாக்கினால் ஒரே நிலையம் மூன்றாகிவிடும், விட்ட இடத்துக்கே திரும்புவோம். ஐடி தனியாக இருக்கட்டும், குறியீடுகள் அதனுள் ஒரு லிஸ்டாக இருக்கட்டும். இரண்டாம் சுற்றில் அட்டவணையில் இல்லாத ஐடி எதிர்ப்பட்டால் தாண்டிப் போகாமல், எந்த நிலையத்தின் எந்த அண்டை என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள்.