யெஸியெர்ஸ்காவா, லெவியனா?

மௌனப்பட ஹாலிவுட்டுக்கு வந்த புலம்பெயர் பெண் எழுத்தாளர்களில் யாரை முதலில் படிப்பது என்று குழப்பமா? ஆன்ஸியா யெஸியெர்ஸ்கா, சோன்யா லெவியன் இருவருமே ரஷ்யப் பேரரசிலிருந்து நியூயார்க் வந்த யூதக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள்.

பணம்: யெஸியெர்ஸ்காவின் கதைத்தொகுப்பைப் படமாக்கும் உரிமைக்குத் தயாரிப்பாளர் கோல்ட்வின் 10,000 டாலர் தந்தார். லெவியன் ஸ்டுடியோ சம்பளக்காரர்.

தாக்குப்பிடித்தது: யெஸியெர்ஸ்காவுக்கு ஹாலிவுட் ஒட்டவில்லை, நியூயார்க்குக்கே திரும்பிவிட்டார். சட்டம் படித்த லெவியனோ பேசும்படத்துக்கும் சட்டென்று மாறிக்கொண்டு, 1955இல் வந்த படத்துக்கு ஆஸ்கர் வரை வாங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், யெஸியெர்ஸ்காவின் நாவல் ஒன்று 1925இல் படமானபோது திரைக்கதை எழுதியவரே லெவியன்தான்!

வந்த இடத்தில் ஒட்டாத தவிப்பு வேண்டுமென்றால் யெஸியெர்ஸ்கா. தொழிலில் நிலைத்த சாமர்த்தியம் வேண்டுமென்றால் லெவியன். என் ஓட்டு யெஸியெர்ஸ்காவுக்கு.