குறைவது நோயா, அறிக்கையா? நாப்பிஎஸ் தொகுப்பு: ஒரு மதிப்புரை

நோய்க் கண்காணிப்பு அட்டவணைகளில் கடைசி சில வாரங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் இறங்குமுகமாகவே தெரியும். காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் நோயாளியின் விவரம் சுகாதாரத் துறைக்கு வந்து சேரும் நாளுக்கும் உள்ள இடைவெளியே அதற்குக் காரணம். இன்னும் வந்து சேராத அறிக்கைகளை மதிப்பிட்டுத் தரும் இலவசத் தொகுப்புதான் நாப்பிஎஸ் (NobBS); ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் இயங்குவது. இதன் முறையை 2020இல் வெளியிட்ட சாரா மெக்கோவும் சக ஆய்வாளர்களும் போர்ட்டோ ரிக்கோவின் டெங்குத் தரவிலும் அமெரிக்காவின் ஃபுளூ போன்ற காய்ச்சல் தரவிலும் அதைச் சோதித்தனர்.

நோயாளிக்கு ஒரு வரி, அதில் நோய் தொடங்கிய தேதி, அறிக்கை வந்த தேதி: இவ்வளவு போதும். ஆனால் இவ்வளவு கட்டாயம் வேண்டும். வாரக் கூட்டுத்தொகை மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், பதிவைத் திருத்தும்போது முதல் அறிக்கைத் தேதியை அழித்துவிடுபவர்களுக்கும் இது உதவாது. தொகுப்போடு வரும் போர்ட்டோ ரிக்கோ தரவை எடுத்து, 1990 அக்டோபர் 1ஐ இன்றைய தேதியாகக் கொடுத்து இயக்கினால், வாரந்தோறும் பதிவான எண்ணிக்கையும் மதிப்பீடும் அதன் கீழ், மேல் எல்லைகளும் கிடைக்கின்றன. தாமதம் எத்தனை வாரம் என்ற பரவலையும் நோயின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்வதால், அறிக்கை மிகக் குறைவாக வந்திருக்கும் கடைசி வாரத்துக்கு முந்தைய வாரங்கள் கைகொடுக்கின்றன. பழைய தாமத விகிதத்தால் பெருக்கிச் சொல்லும் எளிய கணக்கில் இந்தப் பிடிமானம் கிடையாது. நிச்சயமின்மையை மறைக்காமல் எல்லைகளாகக் காட்டுவதை இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

பலவீனம் நகரும் சாளரத்தில், அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அண்மைக் கால அளவில், இருக்கிறது. தேர்ந்தெடுத்த காலத்துக்குள் தாமதத்தின் போக்கு மாறாது என்று தொகுப்பு கொள்கிறது. ஆய்வகம் ஒன்று தேங்கிய பரிசோதனைகளை முடித்து, புதிய முடிவுகளை உடனுக்குடன் அனுப்பத் தொடங்கினால், அந்த வேகத்தை நோயின் எழுச்சியாக அது எடுத்துக்கொள்ளக்கூடும். சாளரத்தைச் சுருக்கினால் மாற்றத்தை விரைவில் பிடிக்கலாம், ஆனால் நீண்ட தாமதங்களைக் கற்கப் போதிய தரவு இருக்காது. இந்தத் தேர்வைப் பயனரிடமே விடும் கையேடு, அதற்கு இன்னும் விரிவாக வழிகாட்டியிருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக் கணக்கைச் செய்துதரும் ஜேக்ஸ் (JAGS) என்ற மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். எண்ணிக்கையின் சிதறல் அதன் சராசரி அளவே என்று கொள்ளும் பாய்சான் பரவல் இயல்பாக அமைந்துள்ளது; அது எல்லைகளை அளவுக்கு மீறிக் குறுக்கிவிடக்கூடும் என்பதால், கூடுதல் சிதறலுக்கு இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வாராந்திர டெங்குத் தரவுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஞாயிறும் விடுமுறையும் அறிக்கையைத் தள்ளிப்போடும் தினசரித் தரவுக்கு, கிழமை விளைவையும் கணக்கில் கொள்ளும் எபிநவ்காஸ்ட் (epinowcast) என்ற மற்றோர் ஆர் தொகுப்பே ஏற்றது.